ரோடு மூடும் நாட்கள்: சர்வதேச நிகழ்ச்சிகள் சென்னைக்காரர்களிடம் எதை விட்டுச் செல்கின்றன?

2024 ஆகஸ்ட் கடைசி வாரம். தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயத்துக்கான தடுப்புகளை லாரி லாரியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிவானந்தா சாலைப் பக்கம் தள்ளுவண்டியில் மதியச் சாப்பாடு விற்கும் ஓர் அக்காவிடம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான் சாப்பிடுவதுண்டு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், எவர்சில்வர் தூக்கில் மீன் குழம்பு. அன்றைக்கு மணி இரண்டாகியும் தூக்கு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. “எத்தனை நாளைக்கு ரோடு மூடுறாங்க தம்பி?” என்று கேட்டார். பந்தயம் சனி, ஞாயிறு என்று பேப்பரில் போட்டிருந்தது; அதைச் சொன்னேன். “அது ரேஸு. ரோடு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவருக்குப் பெரிய கவலை தண்டல். சென்னையில் நடைபாதை வியாபாரத்தில் நிறைய பேர் தண்டலை நம்பித்தான் முதல் போடுகிறார்கள். பத்தாயிரம் ரூபாய் கடன் என்றால் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். அப்புறம் நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் ரோடு மூடினாலும் சாயங்காலம் தண்டல்காரர் நோட்டோடு வந்து நிற்பார். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சாலை மூடல் என்றால் சுற்றிக்கொண்டு போகிற எரிச்சல், அவ்வளவுதான். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் கட்டுகிறவருக்கு அந்த மூன்று நாள் அடுத்த மூன்று வாரத்துக்கு இழுக்கும்.

சர்வதேச நிகழ்ச்சி வந்தால் ஊருக்கு லாபமா, நஷ்டமா என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். ஆனால் ஊர் என்பது ஒரே ஆள் இல்லையே. லாபம் ஒருவர் வீட்டுக்குப் போகிறது, செலவு இன்னொருவர் தலையில் விழுகிறது. லாபம் வருடக்கணக்கில் மெதுவாக வந்து சேரும். செலவோ அந்த வாரமே வந்துவிடும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொன்னால், மீன் குழம்புத் தூக்கு அந்தக் கணக்கில் எங்கேயும் தெரியாது.

சென்னைக்கு இந்த அனுபவம் புதிதும் இல்லை. அண்ணா நகர் டவர் பூங்காவில் நடை போகிறவர்களில் பாதிப் பேருக்காவது அந்தக் கோபுரம் ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியுமா என்பது சந்தேகம். 1968 ஜனவரியில் நடந்த சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது அது. 135 அடி உயரம், அதிகாரப்பூர்வப் பெயர் விஸ்வேஸ்வரய்யா கோபுரம். அப்போது அந்தப் பக்கம் நடுவக்கரை என்னும் கிராமமும் அதைச் சுற்றி வயல்வெளியும்தான். கண்காட்சி முடிந்ததும் வீட்டு வசதி வாரியம் அங்கே அகலமான தெருக்களும் ரவுண்டானாக்களுமாக ஒரு பேட்டையையே எழுப்பியது. நடுவக்கரை இப்போது ஒரு பாலத்தின் பெயராகவும் சில தெருக்களாகவும் சுருங்கிவிட்டது. கோபுரத்தில் ஏறுவதைப் பல வருடம் தடுத்து வைத்திருந்து, 2023-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் அந்தச் சரிவுப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் குழந்தைகள் கூட்டம் தாங்காது. கண்காட்சி என்னவோ சில வாரத்தில் முடிந்துவிட்டது. பூங்காவை ஐம்பது வருடத்துக்கும் மேலாக அக்கம்பக்கத்துக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அதே ஜனவரியில்தான் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடும் இங்கே நடந்தது. மெரினாவில் வரிசையாக நிற்கும் ஔவையார், வள்ளுவர், கம்பர், கண்ணகி, ஜி.யு.போப் சிலைகள் எல்லாம் அதன் மிச்சம். மாநாட்டில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்று ஆய்வாளர்களுக்கு மட்டும் தேவைப்படலாம். ஆனால் “கண்ணகி சிலைகிட்ட வந்துடு” என்று போனில் சொல்லாத சென்னைக்காரர் உண்டா? 2001 டிசம்பரில் அந்தச் சிலையை அகற்றியபோது ஊர் கொதித்ததும், 2006-இல் திரும்ப வைத்ததும் நினைவிருக்கும். விருந்தாளிகளுக்காக வைத்த சிலை ஊர்க்காரர்களின் சொந்தச் சொத்தாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விளையாட்டு அரங்குகளின் கதை இவ்வளவு நேரானது அல்ல. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது. அதற்காக வேளச்சேரியில் வந்த நீச்சல் வளாகத்தில் இன்றும் பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கமும் சும்மா கிடக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது அங்கேதான். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. மறுபக்கம், 2011 கிரிக்கெட் உலகக் கோப்பையை ஒட்டிச் சேப்பாக்கத்தில் எழுப்பிய ஐ, ஜே, கே கேலரிகளைப் பாருங்கள். கட்டட அனுமதிச் சிக்கலில் சீல் வைத்து, சுமார் 12,000 இருக்கைகள் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தன. ஐபிஎல் மேட்ச் அன்று வெளியே டிக்கெட்டுக்கு அடிதடி, உள்ளே மூன்று கேலரியும் வெறிச்சோடிக் கிடந்தன. அவசரத்தில் கட்டியதற்கு ஊர் கொடுத்த விலை அது.

சதுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நல்லது எப்படி நடக்கிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. 2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலக சாம்பியன்ஷிப் சென்னையில், அண்ணா சாலை ஓட்டல் ஒன்றில் நடந்தது. மாநில அரசு அதற்கு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனந்த் சொந்த ஊரிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் கணக்குப் பார்த்திருந்தால், ‘29 கோடிக்கு ஒரு தோல்வி’ என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஆட்ட மேடைக்கு முன்னிருந்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பதினோரு வருடம் கழித்து, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனான குகேஷ், அந்தக் கண்ணாடிக்கு உள்ளே ஒருநாள் உட்கார வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னார்.

ஒரு போட்டியைப் பார்த்ததால் ஒருவர் சாம்பியன் ஆகிவிட மாட்டார். சென்னையில், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் காலத்திலிருந்தே சதுரங்கம் வேர் பிடித்திருந்தது. 1972-இல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் ஆனந்த் பழகினார். தெருவுக்குத் தெரு பயிற்சி வகுப்பு, மாதத்துக்கு ஒரு போட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராய் அலையும் பெற்றோர் என்று எல்லாம் ஏற்கெனவே இங்கே இருந்தது. இருந்த வேருக்கு ஊற்றிய தண்ணீர்தான் 2013. வேரே இல்லாத இடத்தில் இதே 29 கோடியைக் கொட்டியிருந்தால் ஓட்டல் பில்தான் மிச்சம்.

2022 செஸ் ஒலிம்பியாட் இன்னும் பெரியது. ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது, ஜூலை 28-இல் தொடக்க விழா. நடுவில் நாலு மாதம்தான். அரசு சுமார் 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம், வேட்டி கட்டிய குதிரைச் சின்னம் ‘தம்பி’ பஸ்ஸிலிருந்து பால் பாக்கெட் வரைக்கும். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள் ஆடின. பள்ளிகளில் செஸ் போட்டி நடத்தினார்கள். அதில் எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து ஆடுகிறார்கள் என்பதைத்தான் ஒலிம்பியாட்டின் உண்மையான பலனாக நான் எடுத்துக்கொள்வேன், மைதானத்துக்கு வந்த கூட்டத்தை அல்ல.

சரி, பணம்? “உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு இத்தனை கோடி” என்று நிகழ்ச்சிக்கு முன்பு வரும் அறிவிப்புகளை எச்சரிக்கையோடு படிப்பது நல்லது. வெளிநாட்டு அணி தங்கும் ஓட்டலின் லாபம் ஓட்டல் கம்பெனியின் தலைமையகத்துக்குப் போகிறது. ஒளிபரப்பு உரிமையின் பணம் சர்வதேச அமைப்புக்குப் போகிறது. மேடை, ஒலி, ஒளி எல்லாம் மொத்தமாக ஒரு பெரிய ஒப்பந்தக்காரர் கையில். அவர் வேறு ஊரிலிருந்தே ஆட்களையும் சாமானையும் கொண்டுவருவார். இங்கே தங்குவது டிரைவர்களின் படி, ஓட்டல் ஊழியர்களின் கூடுதல் ஷிப்ட், பூக்காரர், பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ்காரருக்குக் கிடைக்கும் துண்டு வேலைகள்.

அடுத்தது, உள்ளூர்க்காரர் செலவழிப்பது புதுப் பணம் அல்ல. சேப்பாக்கம் டிக்கெட்டுக்கு இரண்டாயிரம் கொடுத்த குடும்பம் அந்த மாதம் சினிமாவுக்கும் பிரியாணிக்கும் போகாது. அம்பத்தூர்க் கடையில் விழ வேண்டிய காசு திருவல்லிக்கேணியில் விழுகிறது. அதோடு, நெரிசலுக்குப் பயந்து வழக்கமான பயணிகள் அந்தப் பக்கமே வராமல் போவதும் உண்டு. 2012 ஆகஸ்டில், லண்டன் ஒலிம்பிக் நடந்த அந்த மாதத்தில், பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய வருட ஆகஸ்டைவிடக் குறைந்திருந்தது.

ஒரே ஒரு முறை வந்து போகும் நிகழ்ச்சியைவிட வருடா வருடம் வருவதால் உள்ளூருக்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம். நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்கள் டென்னிஸ் நடந்தது. ஜனவரி முதல் வாரம் என்றால் ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், பந்து பொறுக்கும் பையன்கள் எல்லோருக்கும் தேதி மனப்பாடம். 2018-இல் அது புனேவுக்குப் போனபோது இருபது வருடப் பழக்கம் ஒன்று அறுந்தது.

மாமல்லபுரத்தில் இதெல்லாம் இன்னும் கிட்டத்தில் தெரியும். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அங்கே சந்தித்தார்கள். ஊர் முழுக்கப் பந்தோபஸ்து. ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் பக்கத்துச் சாலையோரக் கடைகளை அகற்றினார்கள். சங்கு மாலை, சின்னச் சின்னக் கல் பிள்ளையார் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு வேலை நின்றது. நன்மையும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. சாலைகள் சுத்தமாயின, சின்னங்களுக்கு விளக்கு வந்தது, தலைவர்கள் இருவரும் நின்ற இடத்தைப் பார்க்க அடுத்த வாரமே கூட்டம் அலைமோதியது. ஆனால் அதே மாதத்தில்தான் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்க்க 40 ரூபாய் டிக்கெட் வந்தது. அதுவரை அது யாரும் போய்ச் சாய்ந்து உட்காரும் இடம். சாயங்காலம் உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தப் பாறைச் சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். பல நூற்றாண்டாய்ச் சறுக்கி சறுக்கி வழவழப்பான பாறை அது. சந்திப்பால் புகழ் வந்தது, புகழோடு டிக்கெட் கவுண்டரும் வந்தது. வெளியூர்ப் பயணிக்கு 40 ரூபாய் ஒரு இளநீர்க் காசு. தினமும் போய் உட்காருகிற உள்ளூர்க்காரருக்கு அது மூடிய கதவு.

அங்கே சிற்பப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஒலிம்பியாட் சமயத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பட்டறை முழுக்க கல் தூசு, வாசலில் பாதி செதுக்கிய நந்தி ஒன்று. செஸ் ஆட்டக்காரர்கள் நிறைய வாங்கினார்களா என்று கேட்டேன். “விமானத்துல எடுத்துட்டுப் போற அளவுக்குச் சின்னதா கேட்டாங்க. நான் செய்யுறது எல்லாம் லாரியில போறது. முன்னாடியே சொல்லியிருந்தா கல்லுல குதிரை செஞ்சு வெச்சிருப்பேன்” என்றார். பல வருடக் கைவேலைக்காரர், ஊருக்குள்ளேயே உலகம் வந்து இறங்கியிருக்கிறது, ஆனால் அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஏற்பாடு செய்கிற மேசையில் ஓட்டல், போலீஸ், மின்வாரியம், போக்குவரத்து என்று எல்லோருக்கும் நாற்காலி உண்டு. ஊரில் தொழில் செய்கிறவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் உயிர் கொடுத்துப் பார்த்துவிட்டோம். 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படையின் வான் சாகசம். அது சர்வதேச நிகழ்ச்சி அல்ல என்றாலும் இதில் சேர்த்துத்தான் பேச வேண்டும். சுமார் 15 லட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். உச்சி வெயில் நேரம். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் கிளம்பியது. பறக்கும் ரயில் அப்போது சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது, கடற்கரை நிலையம் வரை ஓடவில்லை. ரயில் நிலையங்களில் மூச்சுவிட முடியாத நெரிசல். அன்று 5 பேர் இறந்தார்கள். வெயிலும் தாகமும் பெரிய காரணம். அன்றைய செய்திகளில் ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை: வழக்கமாக அங்கே தண்ணீர் பாட்டில் விற்கிறவர்களையும் இடம் வேண்டும் என்று முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

மெரினா கூட்டத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள்தான். எந்த மணிக்கு எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், கைக்குழந்தைக்காரர்கள் எங்கே ஒதுங்குவார்கள், எத்தனை பாட்டில் போகும் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களை ‘ஆக்கிரமிப்பு’ என்று பார்த்தபோது, ஊரின் தண்ணீர்ப் பந்தலையே தூக்கிவிட்டோம்.

மற்ற நகரங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மான்ட்ரியல் 1976 ஒலிம்பிக் கடனை 2006 வரை கட்டியது. ரியோவில் 2016 ஒலிம்பிக் பூங்காவுக்காக விலா ஆட்டோட்ரோமோ என்ற குடியிருப்பில் பெரும்பாலான குடும்பங்களைக் கிளப்பினார்கள். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் குடிசைகளை இடித்தார்கள். 2023 ஜி20 மாநாட்டின்போது குடிசைகளைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். சென்னை இதுவரை அந்த அளவுக்குப் போகவில்லை. அதற்கு நம் நிகழ்ச்சிகள் ஒப்பீட்டளவில் சிறியவை என்பதும் ஒரு காரணம். பெரியது ஒன்று வருவதற்கு முன்பே முறையைச் சரி செய்துவிட வேண்டும்.

அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, ஒரு வியாபாரியை இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சர்வதேச நிகழ்ச்சிக்குத் தேதி குறித்ததும் முதலில் கூட வேண்டிய கூட்டங்களில் ஒன்று அந்தக் குழுவினுடையது. எத்தனை நாள் மூடல், எந்தத் தெரு, வண்டிகளுக்கு மாற்று இடம் எது என்று அங்கே முடிவாகட்டும்.

வேலை இழந்த நாட்களுக்குப் பணம் தருவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தந்துகொண்டிருந்த அரசு, பிறகு அதை 8,000 ஆக உயர்த்தியது. “பொது நன்மைக்காக உன் தொழிலை நான் நிறுத்துகிறேன், அதனால் உனக்குக் கொடுக்கிறேன்” என்று அரசு ஏற்றுக்கொண்டுவிட்ட கொள்கை அது. மீனுக்காகக் கடலை மூடும்போது சரியென்று படுவது, காருக்காகச் சாலையை மூடும்போது ஏன் படக் கூடாது? தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ஓடுதளம். அதன் ஓரத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ண ஒரு சாயங்காலம் போதும்.

பந்தயம் முடிந்து சில நாள் கழித்து அக்கா மறுபடி வண்டி போட்டிருந்தார். தூக்கில் குழம்பு இருந்தது, மீன் துண்டு சின்னதாகியிருந்தது. மூடப் போவதாக யாராவது முன்னாடியே வந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். இலையை வைத்துக்கொண்டே சொன்னார்: “அரிசி, பருப்பு கொஞ்சமா வாங்கியிருப்பேன். தண்டல்காரன்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே பேசி வெச்சிருப்பேன். வியாசர்பாடியில என் தங்கச்சி வீட்டு வாசல்ல வண்டிய போட்டிருப்பேன். அங்க ஒரு கட்டடம் கட்டுறாங்க, நாப்பது பேரு வேலை செய்யுறாங்க தம்பி.”